விசர்நாய்க்கடி: கடித்த நாளுக்கும் நோய் வரும் நாளுக்கும் இடையில்



பாம்பு தீண்டினால் எங்கள் மக்கள் ஓடுகிறார்கள். நடுச்சாமமானாலும் அயலவரின் உழவு இயந்திரத்தையோ மோட்டார் சைக்கிளையோ பிடித்து, நெடுங்கேணி வைத்தியசாலைக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோய்ச் சேர்த்து விடுகிறார்கள். நாய் கடித்தால் இந்த ஓட்டம் இல்லை. "எங்கட வீட்டு நாய்தானே", "குட்டி சும்மா பல்லுப் பட்டது", "அரிவு வெட்டு முடியட்டும், போவம்" என்று நாட்கள் போகின்றன.

பாம்பின் விடம் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறது. விசர்நாயின் கிருமி கிழமைக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் வேலை செய்கிறது. அவசரமில்லை என்று எம்மை நினைக்க வைப்பதும் அந்தத் தாமதம்தான். எம்மைக் காப்பாற்றக்கூடியதும் அதே தாமதம்தான். கடித்த நாளுக்கும் நோய் தொடங்கும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் அந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்தப் பாடம். அடிக்கடி இடம்பெயர்ந்த எம்மவருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நோய் உடலுக்குள் நடந்து போகும் பாதை

விசர்நாய்க்கடி நோயை நீர்வெறுப்பு நோய் என்றும் சொல்வர். நோயுள்ள மிருகத்தின் உமிழ்நீரில் அதன் கிருமி இருக்கிறது. பல்லோ நகமோ கீறிய இடத்தால், அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணை அந்த மிருகம் நக்குவதால், அல்லது உமிழ்நீர் கண், வாய், மூக்கு ஆகியவற்றில் படுவதால் அது உள்ளே செல்கிறது. உள்ளே போன கிருமி இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிப்பாதையால் நடப்பதைப் போல, மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. காலில் கடித்தால் பாதை நீளம். முகத்திலும் கழுத்திலும் கடித்தால் பாதை குறைவு. விரல் நுனிகளில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் கைக்கடியும் ஆபத்தானதே. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படும். சிலருக்கு இரண்டு கிழமைக்குள்ளேயே வந்ததுண்டு. ஒரு வருடம் கடந்து வந்ததுமுண்டு.

மூளையை எட்டிய பின் முதலில் காய்ச்சல், தலையிடி, கடித்த இடத்தில் விறைப்பு அல்லது எரிவு தோன்றும். அடுத்து நோயாளி தண்ணீரை விழுங்க முடியாமல் தவிப்பார். தண்ணீரைக் கண்டாலே, காற்று முகத்தில் பட்டாலே, தொண்டைத் தசைகள் இறுகும். இடையிடையே தெளிவாகப் பேசுவார். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சில நாட்களில் மரணம் வரும். இந்தக் கட்டத்துக்குப் பின் உலகின் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் மருந்து இல்லை. தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

எமது நாட்டில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயால் இறந்ததாகப் பதிவு உண்டு. 1975இல் நாடு தழுவிய தடுப்புத்திட்டம் தொடங்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் இத்தொகை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இலங்கையில் இன்று இறக்கும் இருபது, முப்பது பேரில் மிகப் பெரும்பாலானோர் ஊசிக்கே போகாதவர்கள், அல்லது பிந்திப் போனவர்கள், அல்லது பாதியில் விட்டவர்கள்.

யாரை, எங்கே, எந்த நாய் கடிக்கிறது?

விசர்நாய் என்றதும் வாயில் நுரை தள்ள, வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு வீதியால் ஓடி வரும் ஒரு கட்டாக்காலி நாயைத்தான் நாம் மனத்தில் காண்கிறோம். அப்படியொன்று வந்தால் ஊரே தடியோடு நிற்கும். அது கடித்தவரை அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் கடி அல்ல, யாரும் கணக்கில் எடுக்காத கடிதான்.

இலங்கையில் மனிதரைக் கடிக்கும் நாய்களில் பெரும்பகுதி வீட்டுக்காரர் உள்ள நாய்கள். ஒன்றில் எங்கள் நாய், அல்லது பக்கத்து வளவு நாய். குட்டியும் இதில் அடங்கும். தெருவில் கிடந்த குட்டியைப் பிள்ளை தூக்கி வருகிறது. இரண்டு கிழமை அதனோடு விளையாடுகிறது. கையை நக்குகிறது, கவ்வுகிறது. ஒரு நாள் குட்டி சுருண்டு செத்துப்போகிறது. "பால் குடியாமல் செத்திட்டுது" என்று புதைத்து விடுகிறோம். அந்தக் குட்டிக்கு விசர் இருந்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. குட்டி சிறியது என்பதால் கிருமி சிறியதாகி விடாது.

பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. அவர்கள் சாப்பிடும் நாயைத் தொடுவார்கள், குட்டி போட்ட நாயின் பொந்துக்குள் கை விடுவார்கள். மீளக்குடியேறிய இடங்களில் பற்றை வளர்ந்த இடிந்த வீடுகளும் பழைய பதுங்குகுழிகளும் நாய்க்கு நல்ல குட்டிபோடும் இடங்கள். அவையே பிள்ளைகளுக்கும் விளையாட்டிடங்கள். அத்தோடு, அடி விழும் என்ற பயத்தில் கடித்ததைப் பிள்ளை மறைத்து விடுகிறது. பெற்றோரே, நாய் கடித்ததென்று சொல்லி வரும் பிள்ளையை அடியாதீர்கள், ஏசாதீர்கள். அடுத்த முறை அது சொல்லாது.

பெரியவர்களைப் பொறுத்தவரையில் கடி தொழிலோடு வருகிறது. வயற்காவலுக்கும் சேனைக்காவலுக்கும் நாயைக் கொண்டு போகிறோம். பன்றியையும் யானையையும் குரைத்துக் கலைக்கும் அந்த நாய்தான் நரியோடும் கீரியோடும் மரநாயோடும் சண்டை பிடிக்கிறது. கால்நடை வைத்தியப் பணிமனையினர் ஊருக்கு வந்து பாடசாலை வளவிலோ சந்தியிலோ நாய்களுக்கு ஊசி போடும் அன்று, அந்த நாய் காட்டோரக் கொட்டிலில் கட்டிக் கிடக்கிறது. ஊரிலே காட்டுமிருகங்களை அதிகம் நெருங்கும் நாயே ஊசி இல்லாத நாயாக இருப்பது இப்படித்தான்.

தறப்பாள் கொட்டிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. கதவில்லாத கொட்டிலுக்குள் இரவில் பூனையோ கீரியோ நரியோ நுழைந்து, நித்திரையில் கிடப்பவரின் காலையோ காதையோ கடித்துவிட்டுப் போகலாம். என்ன கடித்ததென்று தெரியாத கடி என்றால், விசர்பிடித்த மிருகம் கடித்தது என்றே எண்ணி நடக்க வேண்டும். பூனைக் கீறலும் குரங்குக் கடியும் அவ்வாறே. எலி, அணில், முயல் கடிக்குப் பொதுவாக இந்த ஊசி தேவைப்படாது. ஆயினும் அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். வௌவாலை வெறுங்கையால் தூக்க வேண்டாம். பேராதனைக்கு அருகே கண்ணொறுவையில் பழந்தின்னி வௌவால்களில் இந்தக் கிருமியின் நெருங்கிய உறவான வேறொரு கிருமியை ஆராய்ச்சியாளர் கண்டு 2016இல் அறிவித்தனர்.

முதல் மருந்து கிணற்றடியில் இருக்கிறது

கடித்த உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழாய்க்கிணறானால் ஒருவர் அடிக்க மற்றவர் கழுவலாம். கட்டுக்கிணறானால் வாளி வாளியாக ஊற்றுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமே போதும். இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்பு உறை இருக்கிறது. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துக் கிருமியைக் கொல்கிறது. சட்டியில் ஒட்டிய எண்ணெய் போவது போலத்தான். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். மணிக்கூடு இல்லாவிட்டால் ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லி முடிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; சைவப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த பதிகத்தை இரண்டு மூன்று முறை பாடலாம். பின்னர் அயடீன் கலந்த மருந்து இருந்தால் பூசுங்கள். காயத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம். தையல் போடச் சொல்லி நீங்களாகக் கேட்கவும் வேண்டாம்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மண்ணெண்ணெய், சாம்பல் ஆகிய எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். அவை எரிவைத் தரும், கிருமியை ஆழத்துக்குத் தள்ளும், புண் பழுக்கும்.

இங்கே ஒரு வார்த்தை. மருதமடு அன்னையின் திருத்தல மண்ணை விடக்கடிக்கு நம்பிக்கையோடு எடுத்துச் செல்லும் வழக்கம் எங்கள் மத்தியில் நெடுங்காலமாக உண்டு. கத்தோலிக்கர் மாத்திரமல்ல, சைவ மக்களும் அதைப் போற்றுகின்றனர். அந்தப் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. மண்ணை வீட்டில் வையுங்கள், செபியுங்கள். காயத்துக்குள் வைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் இத்தகைய வழக்கம் இருந்தது. பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப்பகுதியில் புனித ஹியூபேர்ட் பெயரால் ஓர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, நாய் கடித்த இடத்தில் சுடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அது நடந்தது. லூயி பஸ்தர் 1885 யூலையில் யோசேப் மெய்ஸ்ரர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பூசியை ஏற்றிக் காப்பாற்றிய பின்னர்தான் அந்த இரும்பு மெல்ல மெல்ல ஓய்ந்தது.

"பரியாரியார் பார்வை பார்த்தார், நூல் கட்டினார், கல் வைத்தார், என் தகப்பனுக்கு ஒன்றும் வரவில்லையே" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நாய் கடித்த பத்துப் பேரை எடுத்தால், கடித்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு விசர் இருந்திராது. விசர் நாய் கடித்தவர்களிலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உடுப்புக்கு மேலால் கடித்திருக்கலாம், உமிழ்நீர் குறைவாகப் பட்டிருக்கலாம். ஆகவே ஒன்றுமே செய்யாத பத்துப் பேரிலும் பலர் தப்பியே இருப்பார்கள். அந்தத் தப்பியவர்களின் பெயரில் பரியாரியாருக்குப் புகழ் சேர்கிறது. தப்பாதவர் சாட்சி சொல்ல வருவதில்லை. பரியாரியார்மார் ஊரில் மதிப்புள்ளவர்கள். அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். "பார்வை பார்த்தேன், இனி ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவர்களே சொல்லும்படி செய்தால் அதுவே பெரிய வெற்றி.

வைத்தியசாலையில்

கழுவிய கையோடு அன்றே போங்கள். "வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்ற பழைய பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்துக் காலத்துக் கதை. இன்றைய ஊசி கையில் போடப்படுவது; முதல்நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பின்னர் அட்டையில் எழுதப்படும் நாட்கள் என்று சில தடவைகளில் முடிந்துவிடும். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் போடலாம்.

தோலில் வெடிப்போ புண்ணோ இல்லாத இடத்தை நாய் நக்கினால் ஊசி தேவையில்லை. இரத்தம் வராத கீறலுக்கும் ஊசி வேண்டும். இரத்தம் வந்த கடி, முகம், தலை, கைக்கடி, காட்டுமிருகக் கடி என்றால் ஊசியோடு காயத்தைச் சுற்றிச் சீரம் என்னும் இன்னொரு மருந்தும் ஏற்றப்படும். ஊசி உடலைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஏழெட்டு நாட்களாவது செல்லும். அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியை மறித்து வைப்பது சீரம். எல்லாச் சிறிய வைத்தியசாலையிலும் அது இராது. மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு, அதாவது வவுனியாவுக்கோ மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு வைத்தியசாலைக்கோ அனுப்பினால், "இங்கேயே ஏதாவது போட்டு விடுங்கோ" என்று கெஞ்சாமல் போங்கள். பஸ் காசு இல்லாவிட்டால் மாதர் சங்கத்திடமோ பங்கிலோ கேளுங்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடித்து ஒரு கிழமை, ஒரு மாதம் போய்விட்டதா? இன்னும் நோய்க்குறி இல்லையென்றால் இன்றே போங்கள். பிந்தியது என்று வீட்டில் இருந்துவிடுவதே மிகவும் ஆபத்தான முடிவு.

இடம்பெயர்வும் ஊசி அட்டையும்

1984இன் இறுதியில் எல்லைக் கிராமங்களை விட்டு எழும்பியவர்கள், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள், 1997 மே மாதம் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது நெடுங்கேணியை விட்டு ஓடியவர்கள், 2008, 2009இல் மாத்தளன் வரை இழுபட்டுப் பின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைபட்டவர்கள் என எங்கள் வாசகர்களில் பலர் இவற்றில் ஒன்றையாவது, சிலர் எல்லாவற்றையும் கண்டவர்கள். மெனிக்பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் காணிக்கு அலைவதும், உறவினர் வீட்டில் சில மாதம், கூலிவேலைக்குப் போன இடத்தில் சில மாதம் என்று இருப்பதும் பலருக்கு முடிந்தபாடில்லை.

ஊசி நாட்கணக்கோடு போடப்படுவது. இடம்பெயர்பவருக்கு நாட்கணக்கு உடைகிறது. முதல் ஊசி ஓரிடத்தில் போட்டு, மூன்றாம் நாளில் வேறோரிடத்தில் நிற்பவர், "அந்த ஆஸ்பத்திரியில்தானே தொடங்கினது, இங்கே போட மாட்டினம்" என்று விட்டு விடுகிறார். அப்படியல்ல. அட்டையைக் காட்டினால் இந்த ஊசி போடும் வேறோர் அரச வைத்தியசாலையில் தொடரலாம். ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுமில்லை; விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஆனால் தவறிய நாளை நீங்களாக நீட்டாதீர்கள்.

காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், பங்கீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஓடும்போது முதலில் அதைத்தான் எடுத்தோம். நாய்க்கடி ஊசி அட்டையும் அந்தப் பைக்குள் இருக்க வேண்டியது. பாடநெறி முழுவதும் முடித்தவரை மீண்டும் நாய் கடித்தால், அட்டை இருந்தால் குறைந்த ஊசிகளே போதும், சீரமும் தேவைப்படாது. அட்டை இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

நாய்களின் கதையும் எங்கள் கதையோடு சேர்ந்ததே. ஓடும்போது நாயைக் கட்டவிழ்த்து விட்டோம், வேறு வழியில்லை. ஆளில்லாத ஊரில் பசியோடு காட்டுக்குள் திரிந்தவை பெருகின. திரும்பி வந்தபோது சில வாலாட்டி வந்தன, சில பல்லைக் காட்டின. திரும்பிய குடும்பத்துக்கு வீடு இல்லை, கதவு இல்லை, அதனால் காவலுக்கு நாய் வேண்டும். ஆகவே கிடைத்த குட்டியைக் கேள்வியின்றி ஏற்றோம். மீண்டும் குடியேறும் எந்த ஊரிலும் வீட்டுக் கணக்கெடுக்கும்போது நாய்க் கணக்கையும் எடுப்பது நல்லது என்பது எனது எண்ணம்.

கடித்த நாயைக் கொல்லாதீர்கள்

கோபத்தில் பொல்லால் மண்டையில் அடித்துக் கொன்று புதைத்து விடுவது எங்கள் வழக்கம். அதோடு நமக்குத் தெரிய வேண்டிய செய்தியும் புதைந்து போகிறது. விசர் பிடித்த நாயின் உமிழ்நீரில் கிருமி வருவது நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான். அதன்பின் அந்த நாய் அதிக நாள் உயிர் வாழாது. கடித்த நாயைக் கட்டி வைத்து, சோறு தண்ணீர் வைத்து, இரண்டு கிழமை பார்த்தால், அது சுகமாக இருந்தால், கடித்த அன்று அதன் வாயில் கிருமி இருக்கவில்லை என்பது உறுதியாகிறது. அப்போது மீதி ஊசிகளை வைத்தியர் நிறுத்தக்கூடும். ஆனால் ஊசியைத் தொடங்காமல் நாயை மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஒழுங்காக ஆண்டுதோறும் ஊசி போட்ட நாயா, அதற்கு அட்டை உண்டா என்று பார்த்து வைத்தியர் சொல்வார். இந்த நாட்கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மாத்திரமே பொருந்தும். நரி, கீரி, குரங்குக்குப் பொருந்தாது.

விசர் இருவகையாக வரும். ஒன்று எல்லோரும் அறிந்த வெறி வகை. மற்றது ஊமை வகை. நாய் இருட்டு மூலையில் படுத்திருக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், சாப்பாட்டைப் பார்க்கும், விழுங்காது, குரல் மாறும். எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் தேடுவார். இதைச் செய்யவே கூடாது. விசர் நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பதும் தவறு. அது மனிதருக்கு வரும் குறி. தண்ணீர் குடிக்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள். சித்திரை வெய்யிலால் விசர் பிடிப்பதுமில்லை. நாய்கள் கூட்டங்கூடித் திரிந்து கடிபடும் காலத்தில்தான் நோய் நாய்க்கு நாய் தாவுகிறது.

நாய் இறந்தால் அல்லது கொல்ல நேர்ந்தால் தலை சிதையக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். தலையைக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினால் மூளையைப் பரிசோதித்து முடிவு சொல்வார்கள். தலையை இரண்டு பொலித்தீன் பைகளில் கசியாமல் கட்டி, சுற்றிவர ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். உப்போ வேறு மருந்தோ இடக்கூடாது. வெறுங்கையால் தொட வேண்டாம். நெடுங்கேணியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் என்பதை நான் மறக்கவில்லை. எல்லா வேளையும் இது முடியாது. அதனால்தான் ஊசி முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மாடு "இருமினால்"

இதை விவசாயிகள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். பட்டி மாட்டையோ காட்டோரம் மேயும் பசுவையோ இரவில் நாயோ நரியோ கடித்தால் எமக்குத் தெரிவதில்லை. சில கிழமைகளுக்குப் பின் மாடு தீன் எடாது, வாயால் நீர் ஒழுகும், முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கும், கரகரத்த குரலில் ஓயாமல் கதறும், பின்னங்கால் தள்ளாடும், சில மாடு முட்ட வரும். தொண்டையில் மாங்கொட்டையோ பனம்விதையோ சிக்கியது என்று எண்ணி, வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். கையில் கதிர் அறுத்த கீறல்கள் ஏற்கெனவே இருக்கும். நாய் கடிக்காத ஒருவருக்கு விசர்நாய்க்கடி வருவது இப்படியும்தான்.

இத்தகைய மாட்டின் வாய்க்குள் கை விட்டவர் நாய்க்கடிக்குப் போவது போலவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாட்டை அறுத்து இறைச்சியைப் பங்கிடக் கூடாது; அறுப்பவருக்கே முதல் ஆபத்து. ஆழமாகப் புதையுங்கள். ஒரு மாட்டின் விலை எமக்கு என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளின் பாடசாலைச் செலவு அதில் இருக்கிறது. ஆயினும் அந்த இறைச்சி விற்பனைக்குரியதல்ல. நோய் வருமுன் கறந்து காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள் கலங்க வேண்டியதில்லை, கொதித்த பாலில் கிருமி தங்காது. பச்சைப்பால் குடித்திருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஊர் நாய்களில் பத்துக்கு ஏழு

ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் நோய் ஒரு நாயிலிருந்து மறு நாய்க்குத் தாவ இடமின்றி அணைந்து விடுகிறது. வேலியில் இடையிடையே பச்சை மரம் இருந்தால் நெருப்பு ஓடாதது போல. நாய்களை அடித்துக் கொல்வதால் இது நடப்பதில்லை. கொன்ற நாயின் இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய் வருகிறது. இலங்கையில் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் நடைமுறை 2006இல் நிறுத்தப்பட்டு, ஊசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன.

எங்கள் நாட்டுக்கு மறைபரப்ப வந்த புனித யோசவ்வாஸ் அடிகளார் பிறந்த கோவாவில் 2014இல் 17 பேர் இந்நோயால் இறந்தனர். அங்கே ஊர் ஊராக, தெருத் தெருவாக நாய்களைத் தேடிப் போய் வலைபோட்டுப் பிடித்து ஊசி போட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் அங்கு ஒரு மனித மரணமும் பதிவாகவில்லை. பணம் செலவானது உண்மை. ஆனால் முதல் வேலை நாயை எண்ணியதும், வராத நாயிடம் தாம் போனதுமே.

ஊசி போட வரும் நாளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். காவற்கொட்டில் நாயை அன்று கொண்டு வாருங்கள். முரட்டு நாயானால் முதல்நாளே கட்டி, வாய்க்கு மெல்லிய துணி நாடாவால் கட்டுப் போடலாம். பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஊசி நாளுக்குப் பின் பிறந்த குட்டிகள் ஓராண்டு வெறுமனே திரிகின்றன. அவற்றுக்குக் கால்நடை வைத்தியப் பணிமனையில் கேட்டு இடையில் போடலாம். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் கொண்டுபோய் விடும் பழக்கம், நாம் வேண்டாமென்ற நோயை அடுத்த ஊருக்குக் கொடுப்பது. என் தேவாலய வாசலிலும் விட்டிருக்கிறார்கள்.

கலந்துரையாடலுக்கு

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அல்லது மாதர் சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை நாய், அவற்றில் எத்தனைக்கு இந்த ஆண்டு ஊசி போட்டது, யாரிடம் அட்டை இருக்கிறது? கடந்த ஓராண்டில் நாய், பூனை, குரங்கு கடித்தவர்கள் யார் யார், அவர்களில் ஊசியை முடிக்காதவர் எவர், ஏன் முடிக்கவில்லை: தூரமா, பஸ் காசா, வேலையா, பயமா? காவற்கொட்டில் நாய்களுக்கு ஊசி போட, கால்நடை வைத்தியரை ஒரு நாள் வயற்கரைக்கே அழைக்க முடியுமா, அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல யார் முன்வருவார்?